‘இல்லை’ எழுத வராத கை

இதை எனக்கு முதலில் சொன்னது என் நாத்தனார் ரெஜினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம், ஜெபமாலை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் அமலோற்பவம் என்று ஒரு அம்மாள். மகள் ஜோஸ்பின் பிரான்சில் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டாள். அங்கேயே பிள்ளையும் பெற்றாள்; இன்னும் கைக்குழந்தைதான். மருமகனோடு நாலு வார்த்தை பேசலாமே என்று இந்த அம்மாள் ஐம்பத்தெட்டு வயதில் கன்னியர் மடத்துக்குப் பிரெஞ்சு படிக்கப் போனாள். சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அன்செல்மாவுக்கு முப்பது வயதுதான்.

ஒருநாள் சிஸ்டர் அவள் நோட்டைத் திருத்தினார். ‘அரிசி இல்லை’, ‘காய்ச்சல் குறையவில்லை’ என்ற வாக்கியங்களைப் பிரெஞ்சில் எழுதச் சொல்லியிருந்தார். அமலோற்பவம் அரிசி இருக்கிறது, காய்ச்சல் குறைந்தது என்று எழுதியிருந்தாள்.

“உங்க பிரான்சில் ஒரு குறையும் கிடையாது போலிருக்கே, அம்மா,” என்றார் சிஸ்டர். “‘இல்லை’ன்னு சொல்ல வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’ போடணும். ரெண்டும் எங்கே?”

“தெரியும் சிஸ்டர். கைதான் வரல. அரிசி தீர்ந்துபோனாலும் எங்க வீட்ல நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்.”

சிஸ்டர் வற்புறுத்தவில்லை.

அடுத்த வாரம் அமலோற்பவம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றாள். கையில் செல்போன். மருமகன் பிரெஞ்சில் மூன்றே வரி அனுப்பியிருந்தார்.

“வாசிச்சுத் தமிழில் சொல்லுங்க,” என்றார் சிஸ்டர்.

“ஜோஸ்பின் சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். குழந்தையைத் தூக்குகிறாள்.”

“வினைச்சொல்லுக்கு முன்னாலயும் பின்னாலயும் பாருங்க அம்மா.”

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஜோஸ்பின் சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. குழந்தையைத் தூக்குவதில்லை.”

விரல் கடைசி வரியிலேயே நின்றது.

“நேத்துக்கூடப் பேசினாளே, சிஸ்டர். சாப்பிட்டியான்னு கேட்டேன். வயிறாரச் சாப்பிட்டேம்மான்னு சொன்னா. தினமும் அதையேதான் சொல்றா. பெத்தவகிட்ட ஏன் மறைக்கணும்?”

“காலையில நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் சிஸ்டர்.

“ஆச்சு சிஸ்டர்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அமலோற்பவம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

சிஸ்டர் உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“சாப்பிட்டீங்களா இல்லையான்னு பிரெஞ்சில் சொல்லுங்க.”

“ழ நே பா மான்ழே.” ஒரு சொல்லும் விட்டுப்போகவில்லை.

“தமிழில்?”

அதற்குத்தான் நேரமானது.

“சாப்பிடல, சிஸ்டர். ராத்திரி இந்த மூணு வரி வந்தப்பவே புரிஞ்சுபோச்சு, அதுல இருந்து ஒண்ணும் இறங்கல.”

சிஸ்டர் தட்டை அவள் கையில் வைத்தார்.

“இதைச் சாப்பிட்டுட்டு மகளைக் கூப்பிடுங்க. சாப்பிட்டியான்னு கேக்காதீங்க. இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதை அவகிட்ட சொல்லுங்க.”

ரெஜினாள் இதோடு நிறுத்திவிட்டாள். நானும் மேலே கேட்கவில்லை. இதைப் படித்த நீங்கள் இன்றைக்கு ஜோஸ்பினுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லுங்கள்.