கிட்டுசாமி மாட்டின டர்போ

சத்தியமாச் சொல்றனுங்க, இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. பொய்யின்னா நான் அடிக்கிற பெயிண்டெல்லாம் மறுநாளே உரிஞ்சு போகட்டும். ஏற்கனவே அப்படித்தானேன்னு சிரிக்கிறவங்க சித்த அக்கட்டால போயி நில்லுங்க.

சூலூர் பக்கம் லாரிக்கு டர்போ பாக்கோணும்னா எங்க ஷெட்டுதான். பாலக்காட்டுல இருந்தெல்லாம் பேரக் கேட்டு வருவானுங்க. நடத்தறது ரெஜினாக்கா. நான் அங்க பெயிண்டரு.

டர்போன்னா என்னன்னு தெரியாதவங்க முழிக்க வேண்டாம். வண்டியோட புகை வெளிய போற வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும். அது இன்னொரு காத்தாடியச் சுத்த வெச்சு என்ஜினுக்குள்ள காத்தத் திணிக்கும். காத்து சேந்தா வண்டிக்கு வெறி புடிக்கும். அம்புட்டுதான்.

ரெஜினாக்காவுக்கு வயசு முப்பத்தஞ்சு. அக்காவுக்கு ஒரு சிஷ்யரு வந்து சேந்தாரு. அவருக்கு அம்பத்தஞ்சு.

பேரு கிட்டுசாமி. மாவாட்டற கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்காரு. சுத்தறது எதுவா இருந்தாலும் அது எனக்குச் சொந்தக்காரன்னு சொல்லுவாரு.

"பூமி கூடச் சுத்துதாமுங்களே"ன்னு கேட்டுப் பாத்தேன்.

"பேரிங் தேஞ்சு போச்சு. அதான் சாஞ்சு சுத்துது"ன்னாரு. அப்படியாப்பட்ட ஆளு.

ஒரு நாள் காலைல அவரோட அப்பாரு காலத்து டீசல் காரு ஷெட்டு வாசல்ல வந்து நின்னுது. கல்யாணப் பொண்ணாட்ட மினுக்கி வெச்சிருந்தாரு.

"அம்மிணி, நானே டர்போ மாட்டிட்டேன். பழைய இரும்புக் கடையில எடுத்தது. வந்து பாருங்க. ஆனாத் தொடாதீங்க. என்ற வண்டியில என்ற ஸ்பேனர் மட்டுந்தான் படோணும்."

"தொடலீங்கண்ணா. இந்த வயசான வண்டிக்கு எதுக்குங்க இந்த வேலை?"

கிட்டுசாமி மீசை எறங்கிருச்சு.

"வெள்ளிக்கெழம என்ற பொண்ணு சுகந்திக்கு மலைக்கோயில்ல கல்யாணம். மாப்ளைய இந்த வண்டியிலதான் மேல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப்போட்டேன். நிச்சயத்தன்னைக்கு சம்மந்தி தங்கவேலு எல்லாரு முன்னாடியும் சொல்றாரு, 'இது மலையேறி முடிக்கறதுக்குள்ள என்ற பையனுக்கு அறுபதாங்கல்யாணமே வந்துரும்'னு. சபையே சிரிச்சுது. எம் பொண்ணு தலையக் குனிஞ்சுட்டா."

"சரிங்கண்ணா."

"பாதி மலையில நின்னுச்சுன்னு வைங்க, அவ ஆயுசுக்கும் அந்த வீட்டுல அதக் கேட்டுக்கிட்டேதான் சோறு திங்கோணும்."

அக்கா "ஓட்டிக் காட்டுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

சாவியத் திருகுனாரு. மிதிச்சாரு. விசிலு கெளம்புச்சு பாருங்க, பக்கத்துப் பேக்கரியில பப்ஸு தின்னுட்டு இருந்தவன் எந்திரிச்சு நின்னான். அந்த விசிலு நல்லாக் கேக்கோணும்னே மனுசன் டர்போவுக்குக் காத்துப் போற வாய மூடாமத் தொறந்து வுட்டிருந்தாரு. அவரு நெஞ்சு சட்டைப் பட்டனத் தாண்டி வந்து நின்னுது.

அப்பறம் பின்னாடி புகை. லேசுப்பட்ட புகையில்ல, கொசுமருந்து வண்டியாட்ட. பேக்கரி காணாமப் போச்சு. பப்ஸுக்காரனும் காணாமப் போயிட்டான்.

"அணைங்கண்ணா!"

அணைச்சாரு. அணையல.

சாவியப் புடுங்கிக் கையில வெச்சு எங்களுக்குக் காட்டறாரு. சாவி இங்கிருக்குது, சத்தம் அங்கிருக்குது. டர்போவுல கசியற எண்ணெய என்ஜினு தானாக் குடிச்சுட்டு, நேரம் ஆக ஆக இன்னும் கத்துது. நான் ஓடிட்டேன். ஓடலீங்க, கொஞ்சம் வேகமா நடந்தேன்.

அக்கா ஒரு பலகைய எடுத்துக் காத்துப் போற வாய்மேல வெச்சு அமுக்குனாங்க. வண்டி ரெண்டு உதறு உதறி அடங்கிருச்சு.

"பலகைதான் பட்டுது, ஸ்பேனர் படலீங்கண்ணா"ன்னாங்க.

கிட்டுசாமிக்கு வேர்த்து ஊத்துது. "டர்போ மோசம் அம்மிணி. பழைய இரும்புக்காரன் தலையில மொளகா அரைச்சுட்டான்."

அக்கா குனிஞ்சு அடியில பாத்தாங்க. "டர்போவுக்கு எண்ணெய் வருதுங்களா?"

"வருதாவா! பெரிய பைப்பு. என்ஜினே அமுக்கித் தள்ளுது."

"வந்த எண்ணெய் திரும்பிப் போறதுக்கு?"

"அதுக்கும் போட்டிருக்கனே. கீழ எடமில்ல. அதனால வளைச்சு மேல தூக்கி, அந்தப் பக்கமா எறக்கி வுட்டேன். பித்தளை. எப்படி மினுங்குது பாருங்க!"

அக்கா கையத் தொடச்சாங்க.

"நாளைக்கு என்ற சித்தப்பா பொண்ணு கல்யாணமுங்க. பந்திக்கு ஆளுகள உள்ள விடறதுக்கு வாசல்ல ஒருத்தரு வேணும். வர்றீங்களாண்ணா?"

"என்ற வண்டி இங்க செத்துக் கெடக்குது, என்னையப் பந்தி விடக் கூப்படறீங்க?"

"மட்டன் பிரியாணிங்க."

"எத்தன மணிக்குங்?"

அந்த மண்டபத்தக் கட்டுன புண்ணியவான் யாருன்னு தெரியல. சாப்பாட்டு ஹாலு கீழ. கை கழுவற எடம் மாடியில. பிரியாணி தின்ன கையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் படியேறோணும். முட்டி வலிக்காரங்க பாதிப் படியில நின்னு சாமியக் கும்புடுவாங்க.

கிட்டுசாமி வாசல்ல நின்னாரு. ரெண்டு கதவையும் விரியத் தொறந்தாரு. "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, நானிருக்கேன்!" போற பஸ்ஸையே நிறுத்தி ஆள் எறக்குவாராட்டம் இருந்துச்சு. வெள்ளம் மாதிரி சனம் உள்ள போச்சு.

மொதப் பந்தி தின்னு முடிச்சுது. எந்திரிச்சவங்க படிக்குப் போனாங்க. படி நெறஞ்சு போச்சு. மிச்சப் பேரு எச்சக் கையோட சேருக்கும் டேபிளுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்க. ஒவ்வொரு சேருக்குப் பின்னாடியும் அடுத்த பந்திக்கு எடம் புடிக்க ஒருத்தர் நிக்கறாரு. அவருக்குப் பின்னாடி அவரு குடும்பம். வாசல்ல இருந்து இன்னும் தள்ளறானுங்க.

பிரியாணிக்கு ஊத்தற தால்ச்சா வாளிக்காரன் நடுவுல சிக்குனான். அவன் கெழக்க சாஞ்சா மாப்ள சித்திக்குப் பட்டுச்சேலையில தால்ச்சா. மேக்க சாஞ்சா மாமாவுக்குப் பாக்கெட்டுல தால்ச்சா. போறதுக்கு வழியில்லாதது எங்க சந்து கெடச்சுதோ அங்க கொட்டுது.

"தள்ளாதீங்க!"ன்னு கிட்டுசாமி கத்தறாரு.

"நீதானேய்யா வா வான்னு கூப்புட்டே!"ன்னு உள்ளயிருந்து பத்து கொரலு.

மனுசன் சுத்திமுத்திப் பாத்தாரு. சமையக்கட்டு ஓரத்துல ஒரு பின்கதவு. தாப்பாளத் தட்டித் தொறந்தா, அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குச் சரிவா எறங்குது தரை. ஒரு தண்ணி டிரம்ம உருட்டிட்டுப் போயி அங்க நிறுத்துனாரு. ரெண்டு சொம்பப் போட்டாரு.

"இந்தப் பக்கம் வாங்க, கை கழுவலாம்!"

அவ்வளவுதான். ஹாலு மூச்சு வுட்டுது. எச்சக் கையெல்லாம் சரசரன்னு கீழ எறங்கிப் போச்சு. எலை எடுத்தாங்க, அடுத்த பந்தி உக்காந்துது. வாசல்ல அடிதடியுமில்ல, கத்தலுமில்ல.

கிட்டுசாமி மீசைய முறுக்கிக்கிட்டே அக்காகிட்ட வந்தாரு. "பாத்தீங்களா அம்மிணி?"

"பாத்தனுங்கண்ணா. வெளிய தள்றதுக்கு எத்தன பேர நிறுத்துனீங்க?"

"தள்றதா? எதுக்குத் தள்ளோணும்? பள்ளமா ஒரு வழி வுட்டேன். அதுபாட்டுக்குப் போகுது."

"அப்படிங்களா. எலை போட்டிருக்குது, உக்காருங்க."

உக்காரல. மீசையில இருந்த கை அப்படியே நின்னு போச்சு. பின்கதவையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் செருப்பக் கூடச் சரியாப் போடாம வீட்டப் பாத்து நடந்தாரு. மட்டன் பிரியாணிய வுட்டுட்டுப் போன மனுசன நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பாவம், அவரு எலை காயக்கூடாதேன்னு நானே உக்காந்துட்டேன்.

கயித்தக் கட்டி வீட்டுக்கு இழுத்துட்டுப் போன வண்டிய வியாழக்கெழம ஓட்டிட்டு வந்தாரு. புகையில்ல. பித்தளை பைப்பக் கழட்டி எறிஞ்சுட்டாரு. டர்போவ ஒசத்தி மாட்டி, அதுக்கு அடியில இருந்து தடிச்ச ஓசுப் பைப்பு ஒண்ணு, வளைவு நெளிவு இல்லாம நேரா எண்ணெய்த் தொட்டிக்கு எறங்குது. காத்துப் போற வாய்க்கும் பில்டரு போட்டு மூடிட்டாரு. விசிலு கொறஞ்சிருந்துச்சு.

தன்னோட ஸ்பேனர எடுத்து அக்காகிட்ட நீட்டுனாரு. "ஒரு தடவ முடுக்கிப் பாத்துருங்க அம்மிணி."

அக்கா வாங்கல. "எதுக்குங்க? நீங்க மாட்டுனது. நல்லா மாட்டியிருக்கீங்க."

அந்த வார்த்தைய எங்க அக்கா எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லீங்க. நானும் பெயிண்ட் அடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

வெள்ளிக்கெழம. மாப்ள முன்சீட்டு, நானும் அக்காவும் பின்சீட்டு. எங்களுக்குப் பின்னாடி சம்மந்தியோட புதுக் காரு, அவரு சனத்தோட.

மொத வளைவுல கண்ணாடியில புதுக் காரு பெருசாத் தெரிஞ்சுது. அடுத்த வளைவுல சின்னதாச்சு. அதுக்கடுத்து காணோம். அப்பாரு காலத்து வண்டி மலையேறுது, மாப்ள சிரிக்கறான், கிட்டுசாமி கண்ணுல தண்ணி. "தூசி"ன்னாரு. கண்ணாடியெல்லாம் ஏத்தித்தானுங்க இருந்துச்சு.

மேல போனதும் ஒடனே அணைக்கல. மேளக்காரங்க வந்துட்டாங்க, ஆரத்தி வந்துருச்சு. "சுத்துன டர்போ சித்த ஆறட்டும்"னு உக்காந்திருந்தாரு. அப்பறந்தான் அணைச்சாரு. ஒரே சொல்லுக்கு அணைஞ்சுது.

ரொம்ப நேரங்கழிச்சுப் புதுக் காரு வந்துது. தங்கவேலு எறங்குனாரு. மொதல்லயே மேல வந்திருந்த அவரு சொந்தக்காரனுகளே வுடல. "என்னங்க தங்கவேலண்ணா, நீங்க வர்றதுக்குள்ள பையனுக்கு அறுபதாங்கல்யாணமே முடிஞ்சுது போங்க!" சனம் மொத்தமும் சிரிச்சுது. மனுசன் செருப்பு விடற எடத்துல தனியா நின்னாரு. மாலையும் கழுத்துமா நிக்கற சுகந்தி அப்பனையும் பாத்தா, மாமனாரையும் பாத்தா.

கிட்டுசாமி எங்ககிட்ட வந்தாரு. மொகம் பூராவும் வெளிச்சம்.

"அம்மிணி, நிச்சயத்துல அந்தாளு பேசுன பேச்சுக்கு ஒரு பதிலு ரெடியா வெச்சிருக்கேன். இத்தன சனத்துக்கு முன்னாடி, மூஞ்சிக்கு நேரா இப்பச் சொல்லிரட்டுங்களா?"

"சொல்லுங்கண்ணா. நல்லா அமுக்கியே சொல்லுங்க. உங்க பக்கம் நாயமிருக்குது."

கிட்டுசாமி திரும்புனாரு.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு"ன்னாங்க அக்கா. "சம்மந்தி எந்தப் பக்கமா வெளிய போவாரு?"

கிட்டுசாமி வாய் தொறந்தபடி நின்னுது. அப்பறம் மூடிக்கிச்சு. நேரா செருப்பு விடற எடத்துக்குப் போனாரு. சம்மந்தி கையப் புடிச்சாரு. அந்தக் கையில தன்னோட வண்டிச் சாவிய வெச்சாரு. "எறங்கறப்ப பொண்ணு மாப்ளைய நீங்க ஓட்டிட்டுப் போங்க சம்மந்தி"ன்னாரு.

கதை தீந்துதுங்க. ஓசியில கேட்டுட்டு நைசா நழுவற சோலியெல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஒரு பிளேட் காளான், ஒரு டீ. சக்கரை தூக்கலா. அது வர்ற வரைக்கும் உங்க வண்டிச் சாவியெல்லாம் என்ற கையிலதான் இருக்கும்.