பூதலிங்கம் வாத்தியாரின் டிபன் பாக்ஸ்

"பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குதுங்க டீச்சர்" என்று வந்து நின்றார் பூதலிங்கம் வாத்தியார்.

நாகர்கோவிலில் காலமெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டு, அதையே சொல்லிக்கொடுக்க லாவோஸுக்கு விமானம் ஏறினார். தெருமுனையில் ஃபிளக்ஸ் போர்டு வைத்து வழியனுப்பினார்கள். போர்டில் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார் மனுஷன். இங்கே வந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போயே போச்சு.

சலோமி டீச்சர்தான் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை. அவருக்கும் நாகர்கோவில்தான், இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. வயதில் வாத்தியாரைவிடச் சின்னவர். ஆனாலும் புதிதாக வருகிற எல்லாரும் அவர் மேஜை முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

"வாய் திறக்காம வேற என்ன செய்யுதுங்க?"

"சிரிக்குதுங்க. தலையக் குனிஞ்சுக்குதுங்க. ஓட்டல் வேலைக்குப் போகப்போற பிள்ளைங்க, இப்படி இருந்தா எப்படி? இன்னைக்கு நம்ம பள்ளிக்கூடத்து முதலாளி வந்து பார்ப்பாராம். பேசலைன்னா என்னை ஊருக்கு ஏத்தி விட்டுருவாராம். எந்த முகத்தோட போவேன் டீச்சர்? அந்த போர்டை இன்னும் கழட்டலையாம்."

"எப்பவாவது பேசினா?"

"உடனே திருத்திருவேன். ஒரு தப்பு என் காதைத் தாண்டிப் போகாது." அந்தக் கவலையிலும் அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மத்தியானம் எங்க சாப்பிடுதீங்க?"

"ரூம்லதான். கதவைச் சாத்திட்டு. தயிர்சாதம், நார்த்தங்கா ஊறுகா."

"டிபன் பாக்ஸை இங்க குடுங்க சார்."

கொடுத்தார். சலோமி டீச்சர் அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"டீச்சர், நான் கேட்டது இங்கிலீஷைப் பத்தி."

"மணி அடிச்சாச்சு. வகுப்புக்குப் போங்க."

வகுப்பு வழக்கம்போல ஊமையாகவே நடந்து முடிந்தது.

மதியம் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவே மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் பசையரிசிச் சோறு. பக்கத்தில் மிளகாய்த் துவையல், மூங்கில் குருத்து சூப். வாத்தியார் வாசலில் நின்றார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஒரு பெரிய கட்டியை அள்ளித் தட்டில் போட்டார். நடுவில் குழி பறித்தார். சூப்பை ரசம் மாதிரி ஊற்றினார். பிசைய ஆரம்பித்தார்.

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சோறு குழையவில்லை. ஐந்து விரலிலும் அப்பிக்கொண்டது. வாத்தியாரும் விடவில்லை, உள்ளங்கையால் அழுத்தினார்.

"நோ, டீச்சர், நோ!"

யார் சொன்னது என்று நிமிர்வதற்குள் அடுத்த குரல் வந்தது. "நோ சூப். சூப் ஈஸ் ஸ்பூன்."

"டேக் ஸ்மால். யூ ரோல், ரோல்."

"ரைஸ் ஈஸ் நாட் லைக் வாஷிங் கிளாத், டீச்சர்."

பாய் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி அவர் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். ஒருத்தன் சோற்றை விரல் நுனியில் உருட்டி, துவையலில் தொட்டுக் காட்டினான். அது தப்பு, இப்படித்தான் என்று இன்னொருத்தி அவனோடு சண்டைக்குப் போனாள், அதுவும் இங்கிலீஷில். வாத்தியார் உருட்டினார், தொட்டார், வாயில் போட்டார். மூக்கில் நீர் வழியச் சிரித்தார். போர்டில்கூட அவ்வளவு பல் தெரியவில்லை.

சாயங்காலம் வாத்தியார் சலோமி டீச்சரின் அறைக்கு ஓடினார்.

"டீச்சர், பேசிட்டாங்க."

"தெரியும். முதலாளி ஜன்னலோரம் நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு. சனி, ஞாயிறு லீவு கழிச்சு திங்கக்கிழமையும் உங்களை வகுப்புக்கு வரச் சொல்லிட்டாரு."

டீச்சர் பீரோவைத் திறந்து டிபன் பாக்ஸை நீட்டினார்.

"சரி சார், பிள்ளைங்க எத்தனை தப்பு பண்ணினாங்க?"

வாத்தியார் யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

"எங்க டீச்சர் கவனிச்சேன்? வாய் நெறையச் சோறு."