சட்டை உரித்தால் பதவி போகும்

நாணல்குளத்துப் பேரவைக்கு உடும்பார் தலைவர். அவர் நிம்மதியைக் கெடுத்தது ஒரே ஓர் உறுப்பினர், சாரைப்பாம்பு. எழுந்தால் அதற்கு ஒரே கேள்விதான்.

"பொதுப் புதரில் வைத்த காடை முட்டையெல்லாம் எங்கே போச்சு, தலைவரே?"

உடும்பாருக்கு வந்த ஏப்பம் பாதியில் நின்றுவிடும். தேர்தலில் சாரையைத் தோற்கடிக்க வழியில்லை. புற்றுப் பக்கத்து ஓட்டு முழுவதும் அதற்குத்தான். அதனால் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: 'சட்டை உரிக்கும் உறுப்பினர் அந்த நொடியே பதவி இழப்பார்.'

"இன்றைக்குச் சட்டையை உரிக்கிறவன் நாளைக்குக் கட்சியையும் உரித்துப் போட்டுவிட்டுப் போவான்!" என்று முழங்கினார்.

தவளைகள் கைதட்டின. எந்தச் சட்டம் வந்தாலும் அவை தட்டும். நான்கு கட்சி பார்த்த பச்சோந்தி எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது. நிறம் மாறுவதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லையே!

பத்தாம் நாள் சாரை சட்டை உரித்தது. சபாநாயகர் ஆமை, "பதவி காலி!" என்றது. பாவம், சாரை புது மேனி பளபளக்க வெளியே போனது. உடும்பார் அன்றைக்கு ஆறு முட்டை சாப்பிட்டார்.

மறுவாரம் அவருக்கு முதுகு அரித்தது. அப்படி ஓர் அரிப்பு! உடும்புக்கும் தோல் உரியும். துண்டு துண்டாக உரிவதால் அவர் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இப்போது நினைத்தார். முதுகில் சேற்றைப் பூசிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவையில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம்தான் தாங்குவது? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தலைமைக் கல்லில் முதுகை ஒரே ஒரு தேய்ப்பு தேய்த்தார். அப்பாடா! ஒரு சாண் தோல் கல்லோடு வந்துவிட்டது.

"சட்டை! சட்டை!" என்று கத்தின தவளைகள்.

"இருங்கய்யா! இதோ, இப்பவே சட்டத் திருத்தம் கொண்டுவர்றேன்! மொத்தமா உரிச்சாத்தான் குற்றம், சில்லறையா உரிச்சா இல்ல!"

ஆமை நிதானமாகத் தலையை நீட்டியது. "திருத்தம் கொண்டுவர உறுப்பினரா இருக்கணுமே, ஐயா! 'அந்த நொடியே'ன்னு எழுதினது நீங்கதானே?"

கல்லிலிருந்து அவரைப் பிய்த்தெடுக்க நான்கு காட்டுப்பன்றிகள் வேண்டியிருந்தன. பிடி உடும்புப்பிடி அல்லவா!

ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தைக்கச் சட்டம் ஒன்றும் சட்டையல்ல. அப்படித் தைத்தால், ஒருநாள் அது தைத்தவருக்கே கச்சிதமாகப் பொருந்திவிடும்.