பைலட் கேட்ட துறைமுகம்

வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பைலட் என்று பெயர். இஞ்ஞாசி மச்சாது தூத்துக்குடியில் அந்த வேலை பார்த்தவர். படகில் போய்க் கயிற்றேணி பிடித்து ஏறிவிடுவார். அதன் பிறகு எந்த நாட்டுக் கப்பலானாலும் அவர் சொன்னபடிதான் நகரும்.

கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. முதலில் ஓரங்கள் மறைந்தன. பிறகு எல்லாமே மறைந்தது.

மனைவி முன்பே இறந்துவிட்டார். மகள் பிலோமி கைத்தடி ஒன்று வாங்கி வந்தாள். மச்சாது அதைத் தொடவில்லை. வீட்டை விட்டால் அவர் போகும் ஒரே இடம் தவசிக்கனி அம்மையின் தென்னந்தோப்பு.

அம்மை அவரைவிட மிகவும் இளையவர். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோப்பில் வந்து உட்கார்ந்தவர். உபதேசம் எதுவும் செய்யமாட்டார். வருகிறவர்கள் கூடவே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் பதில் சொல்வார். கேட்காதவர்களுக்குக் காப்பி கொடுப்பார். மச்சாது அவரைத்தான் குருவாக நினைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் மச்சாது பழைய யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டை இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்தது.

"அம்மா, கடைசியா ஒரு தடவை துறைமுகத்துல நிக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"உங்க துறைமுகத்துக்கா?"

"அங்க வேண்டாம். எல்லாரும் தெரிஞ்சவங்க. ஆள் இல்லாத பழைய துறைமுகம் ஏதாவது. கொண்டுபோய் விட்டுட்டு நீங்க திரும்பிரலாம்."

"பிலோமி கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல."

அம்மை அவருடைய கையைப் பார்த்தார். கல்யாண மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"மோதிரம் எங்க ஐயா?"

"பிலோமி தலைமாட்டுல வச்சிட்டு வந்தேன்."

அம்மை செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"பழைய துறைமுகம் ஒண்ணு இருக்கு. பாண்டியன் காலத்துல எங்கெங்கயோ இருந்து கப்பல் வந்த எடம்."

"தண்ணி ஆழமா?"

"ஒரு காலத்துல நல்ல ஆழம்."

"போதும்," என்றார் மச்சாது.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் அம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தார்ரோடு முடிந்து மண் பாதை வந்தது. காற்று முகத்தில் பட்டபோது அவர் நின்றார். நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"உப்பே இல்லையே. கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"சத்தம் கேக்கலையே."

"இன்னும் கொஞ்சம் நடங்க."

பாதை குறுகியது. இரண்டு பக்கமும் இலைகள் உரசின. காலுக்குக் கீழே ஈர மண் நெகிழ்ந்தது. மச்சாது கையை நீட்டினார். வாழை இலை ஒன்று விரலில் கிழிந்தது.

"இது வயக்காடு."

"ஆமா."

"துறைமுகம்னு சொன்னீங்க."

"இதுதான். கொற்கை."

மச்சாதுவுக்கு அந்தப் பெயர் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லியிருக்கிறார். கொற்கை முத்து. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் வந்ததில்லை. கப்பல் வராத ஊருக்கு அவர் எதற்கு வரவேண்டும்?

"கடல் எங்க?"

"போயிட்டுது. ஆறு மண்ணைக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்துது. கடல் பின்னுக்கே போயிட்டுது. பல நூறு வருஷமாச்சு."

"கண்ணில்லாதவனை ஏமாத்திட்டீங்க."

"ஆமா ஐயா. ஏமாத்திட்டேன்."

"நான் எதுக்குக் கேட்டேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

மச்சாது அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கண் போன பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான். அம்மை பக்கத்தில் உட்கார்ந்தார். தேற்றவில்லை.

வாழைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். செல்லக்கிளி என்று பெயர். அந்த வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறவள்.

"யாரு அது? வரப்புல உக்காராதீங்க, தண்ணி தொறந்து விட்டிருக்கேன்!"

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிருதோம்," என்றார் அம்மை.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மச்சாது அழுதுகொண்டுதான் இருந்தார். திடீரென்று தலையைத் தூக்கினார்.

"தண்ணி வேற பக்கம் போகுது."

"வாய்க்கால்லதான் போகுது, பெரியவரே," என்றாள் செல்லக்கிளி.

"இல்ல. எனக்கு வலது பக்கம். பள்ளத்துல விழுற சத்தம்."

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்து வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அவங்க அறுத்துப் போட்ட நெல்லு கெடக்கே!"

மண்வெட்டி வயலின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் ஓடினாள். அதற்குள் மச்சாது முழங்காலிட்டுச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்துவிட்டார். கைகள் உடைப்பைக் கண்டுபிடித்தன. சேற்றை வாரி வைத்தார். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி வைத்தார். அம்மை உதவிக்குக் குனிந்தார்.

"தள்ளுங்க. எனக்கு எடம் வேணும்."

கப்பலின் மேல்தட்டில் நின்று ஆணையிட்ட குரல் அது. அவர் உடைப்பிலேயே உட்கார்ந்து தண்ணீருக்கு முதுகைக் கொடுத்தார். அது இடுப்பைச் சுற்றி நுரைத்து, வழி கிடைக்காமல் வாய்க்காலுக்குத் திரும்பியது.

செல்லக்கிளி மண் வெட்டிப் போட்டு அடைத்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை. எழுந்தபோது யூனிபார்மில் சேறு இல்லாத இடம் இல்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்க," என்றாள் அவள், மூச்சு வாங்க. "எந்த ஊரு? எதுக்கு வந்தீங்க?"

"தூத்துக்குடி. கடல் பாக்க வந்தேன்."

"தூத்துக்குடியில இருந்து கடல் பாக்க எங்க ஊருக்கா?"

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். மச்சாதுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

பிறகு போனைக் கேட்டார். அம்மை எண்ணைப் போட்டுக் கொடுத்தார்.

"பிலோமி... அழாத. கொற்கையில இருக்கேன். ஆமா, கொற்கை. உடுப்பெல்லாம் சேறு, பஸ்ல ஏத்தமாட்டான். நீ வந்து கூட்டிட்டுப் போ."

மகள் வரும்வரை இருவரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உடம்பில் சேறு காயத் தொடங்கியிருந்தது. வெகுநேரம் கழித்து மச்சாது கேட்டார்.

"அம்மா, கடல் விட்டுட்டுப் போனப்போ இங்க உள்ளவங்க என்ன செஞ்சிருப்பாங்க?"

"கொஞ்சப் பேரு கடல் பின்னாலயே போயிருப்பாங்க."

"மத்தவங்க?"

"கரையில உக்காந்து அழுதிருப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பசிச்சிருக்கும்."