மூன்று வீட்டு வெள்ளிக் கிண்ணம்

ஹாலந்து தேசத்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். ஓர் ஊரில் அவர்கள் ஒரு வீட்டுப் பரணில் ஒளிந்து கும்பிட்டார்கள். ஒளிந்து கும்பிடுகிறவர்களுக்கு வெள்ளிப் பாத்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசை யாரை விட்டது! அறுபது வயதுத் தட்டான் யோஸ்ட் அவர்களுக்காக ஒரு பூசைக் கிண்ணம் செய்து கொடுத்தான். பாதம் முழுக்கத் திராட்சைக் கொடி, தண்டைச் சுற்றிப் பன்னிரண்டு அப்போஸ்தலர் முகம், கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சிறகு விரித்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள்.

சோதனைக்காரர் கையில் முழுசாக அகப்படக் கூடாதென்று மூன்று துண்டாகத் திருகிக் கழற்றும்படி செய்திருந்தான். பாதம் அவன் வீட்டில். தண்டு மருத்துவச்சி அலெய்டா வீட்டில். மேலே உள்ள கிண்ணம் பூசை செய்யும் லாம்பெர்ட் சாமியாரிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தால்தான் பாத்திரம் நிற்கும்.

சாமியாருக்கு முப்பது வயதுதான். ஆனாலும் யோஸ்ட் அவரைத்தான் குருவாக வைத்திருந்தான்.

தவக்காலத்தில் அலெய்டா வீட்டைச் சோதனை போட்டார்கள். அவள் தண்டை உப்பு வெண்ணெய்ச் சாடிக்குள் அமுக்கிக் காப்பாற்றினாள். அடுத்த ஞாயிறு அது கறுத்துப்போய் வந்தது. கோபம் வந்தால் யோஸ்ட்டின் நாக்குக்குத் தாழ்ப்பாள் கிடையாது. "உப்பு வெள்ளியை அரிக்கும்னு தெரியாத மூளை என்ன மூளை?" என்று எல்லார் முன்னாலும் கத்தினான்.

அவள் தண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனவள்தான், பிறகு வரவேயில்லை.

மூன்று ஞாயிறு பூசை இல்லாமல் போயிற்று. வேறு பாத்திரமும் இல்லை. நாளை உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர். நாளைக்கும் பூசை இல்லையென்றால் பூசைக்கு வருகிறவர்கள் தன் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று யோஸ்ட்டுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை சாமியாரிடம் வந்தான்.

"சாமி, திராட்சை ரசம் நிக்கிறது கிண்ணத்துலதானே? கிண்ணம் மட்டும் போதாதா?"

சாமியார் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தார். பிறகு ஜெபப் புத்தகத்தைத் திறந்து படிக்கத் தொடங்கிவிட்டார்.

நேரம் போயிற்று. யோஸ்ட்டின் மணிக்கட்டு கடுத்தது. மேசையைப் பார்த்தான். கிண்ணத்துக்கு உருண்டை அடி, வைத்தால் சாய்ந்துவிடும். செய்தவனுக்குத் தெரியாதா?

"சாமி, கை வலிக்குது."

"கீழே வையும்."

"எப்படி வைக்கிறது? அடியில ஒண்ணுமில்லையே."

"ம்."

"புதுத் தண்டு செஞ்சிடுறேன் சாமி. மூணே வாரம்."

"அலெய்டா?"

யோஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தப்பு அவ மேலதானே?"

"சோதனைக்காரர் உம் வீட்டுக்கு வந்தார்களா?"

"இல்லை, சாமி." சொல்லும்போதே அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாமியார் தண்ணீரைக் கொட்டினார். கிண்ணத்தைத் திரும்ப அவன் கையிலேயே வைத்து, தெருக்கதவைத் திறந்தார்.

"அலெய்டாவிடம் கொண்டுபோய்க் கொடும். அவள் வாங்கிக்கொண்டால் நாளைக்குப் பூசை."

யோஸ்ட் எட்டிப் பார்த்தான். சந்தைத் திருப்பத்தில் இரண்டு காவலர் நின்றிருந்தார்கள். கிண்ணத்தை மேலங்கிக்குள் செருகினான். அது வயிற்றுக்கு மேல் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"பட்டப்பகல்ல எப்படிப் போறது சாமி? கை நடுங்குதே!"

"நடுங்கட்டும்" என்றார் சாமியார். "அது அடங்குவதற்குள் போய் அவளிடம் பேசும்."