ஒட்டி உட்கார்ந்த மெமரி

கீழப்பட்டணம் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த தவசிமுத்துவுக்குச் சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாது. அவரிடம் வேலை பார்த்த மாடக்கண்ணுவும் நெல்லையாவும் அவரையே மிஞ்சியவர்கள். ஊரில் வேறு ஃப்ளெக்ஸ் கடை இல்லாததால் பிழைப்பு ஓடியது.

ஒருநாள் காலையில் உக்கிரபாண்டி வந்து நின்றார். அக்கா மகளுக்கு மறுநாள் காதுகுத்து. இவர்தான் தாய்மாமன்.

"சாயங்காலத்துக்குள்ள என் மூஞ்சி பஸ் ஸ்டாப்புல நிக்கணும். இல்லன்னா உன் கடை நிக்காது," என்றார். சொன்னதைச் செய்கிற ஆள். தவசிமுத்து உடனே கம்ப்யூட்டரைப் போட்டார்.

கம்ப்யூட்டருக்கு ஏது அவசரம்? படத்தைத் திறந்தால் மேலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கியது. டீ வந்தபோது நெற்றி தெரிந்தது. மத்தியானச் சோற்றுக்கு மூக்கு வந்து சேர்ந்தது.

டவுனில் ரிப்பேர் பார்க்கும் ஜெபராஜுக்குப் போன் போட்டார்கள்.

"மெமரி அட்டை ரெண்டையும் ஒட்டி ஒட்டிச் சொருகிட்டீங்களா? வேகம் வராது. நடுவுல ஒரு இடம் விட்டுப் போடுங்க. அட்டைக்கு அடியில இருக்க மஞ்சப் பல்லை ரப்பர் வச்சுத் தேச்சிருங்க. சொருகும்போது டக்குனு சத்தம் வரணும்," என்றார் அவர்.

கம்ப்யூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நாலு பள்ளம். முதல் இரண்டில் சீப்பு மாதிரி இரண்டு பச்சை அட்டைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தன.

"பேச்சு சுவாரசியத்துல இருந்திருக்கு அண்ணாச்சி," என்றான் மாடக்கண்ணு. "பக்கத்துல பக்கத்துல உக்காந்தா வேலை எங்க நடக்கும்? நம்மளையே பாருங்க."

நெல்லையாவுக்கு வேறு கவலை. "ரப்பர் வச்சா உள்ள இருக்குத ஞாபகமெல்லாம் அழிஞ்சிராதா?"

தவசிமுத்து நெடுநேரம் யோசித்தார். "மத்தவன் போனாப் போறான். உக்கிரபாண்டிய மட்டும் விட்டுட்டுத் தேயிலே."

உக்கிரபாண்டி இருக்கலாம் என்று பட்ட ஓரத்தை விட்டுவிட்டு நெல்லையா பயபக்தியோடு தேய்த்தான். பிறகு ஒரு பள்ளம் விட்டுச் சொருகினான். சத்தம் வரவில்லை.

"சத்தம் வரணும்னுதானே சொன்னாரு? எங்கிருந்துன்னு சொல்லலையே," என்ற மாடக்கண்ணு, அவன் காதருகில் போய் நாக்கால் "டக்" என்றான். பதறிய நெல்லையாவின் கை அழுந்தி, அட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

கம்ப்யூட்டரைப் போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் உக்கிரபாண்டி மீசையும் மைனர் செயினுமாக வந்து முறைத்தார்.

"ஒரு இடம் விட்டதுக்கே இம்புட்டு வேகமாலே!" தவசிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பெரிய பேனர் மெஷினிலிருந்து இரண்டு துண்டாகத்தான் வரும். அவற்றை ஒட்டித்தான் கட்ட வேண்டும். பசை டப்பாவைத் திறந்த நெல்லையாவின் கையைத் தவசிமுத்து பிடித்துக்கொண்டார்.

"ஒட்டாதலே! இப்பத்தான பட்டோம்?"

சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு இந்தப் பக்கம் பாதி உக்கிரபாண்டி, அந்தப் பக்கம் மீதி உக்கிரபாண்டி. நடுவில் வடை வெந்துகொண்டிருந்தது.

பார்க்க வந்தவர் பைக்கை நிறுத்தினார். "என் மூஞ்சி எங்கலே?"

"இது நின்னு பாக்குத பேனர் இல்ல அண்ணாச்சி," என்றார் தவசிமுத்து. "வேகமான பேனர். வண்டியை விரட்டிக்கிட்டுப் பாத்தா ஒண்ணாத் தெரியும்."

உக்கிரபாண்டி பைக்கை முறுக்கினார். பாலம் வரை போய்த் திரும்பி வந்தார்.

"மீசை கிட்டத்தட்ட சேந்துட்டு. இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்," என்று மறுபடி கிளம்பினார்.

மறுநாள் நல்ல நேரம் வந்தது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவரோ பைக்கை விட்டு இறங்குகிறபாடில்லை. கடைசியில் பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது பிள்ளையை அவர் மடியில் தூக்கிப் போட்டார்கள். ஆசாரி ஊசியோடு பின்னால் ஓடினார்.