மீதிப் பதினைந்து

தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பட்டியல் முழுவதும் செல்லத்தாய் கையால்தான் வரும். பதினோரு வருடமாக அவள் தற்காலிக ஆபரேட்டர். மழை பெய்த ஒரு காலையில் கல்லூரிப் பதிவாளர் தணிகாசலம் இரண்டு கம்ப்யூட்டர்களை அவள் முன் இறக்கினார்.

"இது எட்டு கோர் பிராசசர், உள்ள எட்டு மூளை இருக்கற மாதிரி. அது வேற கம்பெனி, பதினாறு கோர். எது வேகமோ நீயே சொல்லும்மா. அதை வாங்கிட்டா உனக்கு இங்க வேலை இருக்காது."

தன்னை அனுப்பும் இயந்திரத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். செல்லத்தாய் மறுக்கவில்லை. இரண்டிலும் ஒரே பட்டியலை ஓட்டிக் காட்டினாள். இரண்டும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டன.

"பதினாறு கோர் இருந்துமா?"

"நம்ம சாஃப்ட்வேர் பழசு சார். எத்தனை கோர் இருந்தாலும் ஒண்ணுக்குத்தான் வேலை கொடுக்கும்."

"அப்ப மீதிப் பதினஞ்சு?"

"சும்மா இருக்கும் சார். வேலை செய்யற அந்த ஒண்ணைக் கழட்டிட்டு, மத்த பதினஞ்சும் பட்டியல் போடுதான்னு பார்ப்போமா?"

அந்த அறையில் அவளுடையதோடு சேர்த்துப் பதினாறு நாற்காலிகள்; மற்றவற்றில் நிரந்தர ஊழியர்கள். அந்தப் பதினைந்து தலைகளும் மெல்லக் குனிந்தன.

பதிவாளர் எட்டு கோரை வைத்துவிட்டு மற்றதைத் திருப்பியனுப்பினார். செல்லத்தாயை வீட்டுக்கு அனுப்பவில்லை. நிரந்தரமாக்கவும் இல்லை.